ஏழாவது பிரதி

ஆகஸ்ட் 17, 2025 – ஞாயிறு

பரணில் கிடந்த தட்டச்சுப் பொறியை இறக்கித் துடைத்தேன். "எதுக்குப்பா இப்போ?" என்றாள் மகள். ஒரே அடியில் ஏழு பிரதி எடுக்க முடியுமா என்று பார்க்கணும்மா என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

1968 ஏப்ரல் 30 அன்று மாஸ்கோவில், சோவியத் ஆட்சி செய்த கைதுகளைப் பதிவு செய்ய, 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' என்ற ரகசிய இதழ் தொடங்கியது. அச்சகம் கிடையாது. நத்தாலியா கோர்பனேவ்ஸ்கயா என்ற கவிஞர், நிறைமாதக் கர்ப்பிணி, கார்பன் வைத்துத் தட்டிய ஏழு பிரதிகள், அவ்வளவுதான். கையில் கிடைத்தவர் மறுபடி தட்டி நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வாரமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 19

கார்பன் தாள் இன்னும் விற்கிறார்கள்! ஆறு கார்பன், ஏழு தாள். எப்போதும்போல் தட்டினால் நாலாவதுக்குக் கீழே ஒன்றும் இறங்கவில்லை. ஓங்கி அடித்தேன். மேல் தாளில் புள்ளி ஓட்டை போட்டது. ஏழாவதில் புள்ளியே விழவில்லை.

மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார் சத்தம்?" என்றார். பதில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது. மாஸ்கோ அடுக்குமாடியில் ராத்திரி இதே கேள்வி வந்தால் என்ன சொல்வது?

ஆகஸ்ட் 22

முப்பது வருஷம் கோர்ட் வாசலில் மனு அடித்துப் பிழைத்தவன் நான். 'கொடுங்கோல்', 'அராஜகம்' எல்லாம் போடச் சொல்வார்கள். சம்பவம் என்றைக்கு நடந்தது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள்.

குறிப்பேடு நேர் எதிர். முகப்பில் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆவது பிரிவு, கருத்துச் சுதந்திரம் பற்றியது. உள்ளே யார், என்றைக்குக் கைது, எந்தச் சட்டப்பிரிவு, எத்தனை வருஷம். வசவே கிடையாது. முந்தைய இதழில் தப்பு இருந்தால் அடுத்ததில் திருத்தம் போட்டார்கள். ஒளிந்து நடத்தும் இதழுக்குத் திருத்தம்!

செய்தி இதழுக்குப் போய்ச் சேர்ந்த வழியும் அழகு. உனக்கு இதழ் தந்தவரிடமே சொல், அவர் தனக்குத் தந்தவரிடம் சொல்வார். சங்கிலி முழுவதையும் தேடிப் போகாதே, உன்னை உளவாளி என்று நினைப்பார்கள் என்று இதழிலேயே எச்சரித்திருந்தார்கள்.

கோர்பனேவ்ஸ்கயாவை 1969 டிசம்பரில் பிடித்தார்கள். மனநோயாளி என்று முத்திரை குத்தி, 1972 வரை அடைத்து வைத்தார்கள். உயிரியலாளர் செர்கேய் கவல்யோவுக்கு ஏழு வருஷம் கட்டாய உழைப்பு முகாம், மூன்று வருஷம் நாட்டுக்குள்ளேயே தொலைதூரத்தில் ஒதுக்கிவைப்பு. கணிதவியலாளர் தத்தியானா வெலிகானவாவை 1979 நவம்பரில் கொண்டுபோனார்கள். ஒருவர் போனால் இன்னொருவர் உட்கார்ந்து தட்டினார். 1983 வரை அறுபதுக்கும் மேற்பட்ட இதழ்கள்.

ஆகஸ்ட் 25

1968இல் இதே தேதி ஞாயிறு. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்குகள் நுழைந்து நாலு நாள். நண்பகலில் எட்டுப் பேர் அதை எதிர்த்து மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் உட்கார்ந்தார்கள். கோர்பனேவ்ஸ்கயா மூன்று மாதக் குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தார். 'உங்கள் விடுதலைக்கும் எங்கள் விடுதலைக்கும்' என்று ஒரு பதாகை. சில நிமிஷங்களில் முடிந்தது. அவர்களில் விக்தர் ஃபைன்பெர்கின் முன்பற்களை உடைத்தார்கள். அந்த வாயோடு கோர்ட்டில் நிறுத்த முடியாது, மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். லரிசா பகராஸுக்கு நாலு வருஷம் தொலைதூர ஒதுக்கிவைப்பு, பாவெல் லித்வீனவுக்கு ஐந்து.

இதையே அரைப் பக்கமாக, ஏழு பிரதி அடித்தேன். விரல் நுனி எரிகிறது. ஏழாவதை மகளிடம் நீட்டினேன். "கைது செயதாரகள" என்று இருந்தபடியே வாசித்தாள். "பேரெல்லாம் விளங்கலப்பா. இதைப் பார்த்து நான் அடிச்சா ஃபைன்பெர்க் வேற யாரோ ஆயிடுவார்."

சரிதான். இரண்டாவது பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு புள்ளியாக வைத்து வருகிறேன். லித்வீனவ் வரைக்கும் இன்னும் பன்னிரண்டு வரி இருக்கிறது.