தஞ்சோங் பகார் டைட் கேஜும் ரேடாரும் ஒத்துப்போகாதபோது

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் கரையில் கடல்மட்டம் அளக்கும் கருவி டைட் கேஜ்; அதே கடல்மட்டத்தைச் செயற்கைக்கோள் ரேடார் மேலிருந்து அளக்கிறது. டைட் கேஜ் எண்ணிலிருந்து செயற்கைக்கோள் எண்ணை நேராகக் கழிக்காதீர்கள். கேஜ் அருகிலுள்ள பெஞ்ச்மார்க்கை (நிலத்தில் பதித்த உயரக் குறியை) வைத்து அளக்கிறது. ரேடாரோ பூமியின் மையத்தைக் கொண்டு வரைந்த நீள்கோளத்தை வைத்து. ஒரே காலப்பகுதியின் சராசரியை இரண்டிலும் நீக்கிவிட்டு, மிச்சத்தை ஒப்பிடுங்கள்.

சிங்கப்பூரில் பெரிய தலைவலி இடம்தான். சிங்கப்பூர் நீரிணையின் அகலம் சுமார் 16 கி.மீ. 1,336 கி.மீ. உயரத்தில் பறக்கும் ஜேசன் வகைச் செயற்கைக்கோளுக்கு வரும் எதிரொலியில் கரையும் நங்கூரமிட்ட கப்பல்களும் கலந்துவிடும். காற்றின் ஈரம் ரேடார் அலையைத் தாமதப்படுத்தும்; அதைத் திருத்த ஈரத்தை அளக்கும் ரேடியோமீட்டர் இன்னும் அகலமாகப் பார்ப்பது. நம் புழுக்கத்தில் ஈரம் மட்டுமே 30 செ.மீ. அளவுக்குப் பிழை தரும். ஆகவே கரையிலிருந்து 25 கி.மீ.க்கு அப்பால் தென்சீனக் கடலில் உள்ள புள்ளிகளையே எடுங்கள். அங்குள்ள நீரும் தஞ்சோங் பகார் நீரும் ஒன்றல்ல. அதனால் நாள் கணக்கில் பொருத்தாமல் மாத சராசரியில் பொருத்துவதே நல்லது.

ஓதத்தை (கடல் அன்றாடம் ஏறி இறங்குவதை) நீக்க, குறைந்தது ஓராண்டு மணிநேரத் தரவு வேண்டும். கடிகாரத்தைச் சரிபாருங்கள். 2.5 மீட்டர் ஏறி இறங்கும் நாளில் நீர் நிமிடத்துக்கு 1 செ.மீ. வேகத்தில் ஏறும், ஐந்து நிமிடம் பிசகினால் 5 செ.மீ. போச்சு. செயற்கைக்கோள் பக்கம் வேறு வம்பு: பத்து நாளுக்கு ஒருமுறைதான் வருவதால், நீக்காமல் விட்ட அரைநாள் ஓதம் 62 நாள் அலையாக வேஷம் போடும். அந்த இடைவெளியில் ஒரு முகடு தெரிந்தால் பருவமழை மேல் பழி போடாதீர்கள்.

காற்றழுத்தமும் காற்றும் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைச் செயற்கைக்கோள் தரவில் பெரும்பாலும் நீக்கியே தருவார்கள். கேஜில் அது அப்படியே இருக்கும். இரண்டிலும் ஒரே திருத்தம் வேண்டும். நம் ஊரில் அழுத்தம் அதிகம் ஆடாது, காற்று ஆடும்.

அலையை அடக்க கேஜுக்கு வைத்த குழாய்க் கிணற்றின் நுழைதுளையைச் சிப்பி அடைத்தால், உச்சமும் தாழ்வும் மழுங்கி, நேரமும் பின்தங்கும். இதைக் கழுவாமல் கணக்கில் சரிசெய்ய முடியாது.

கேஜ் நிற்கும் நிலமும் அசையும். அருகில் ஜிபிஎஸ் இல்லாமல் மில்லிமீட்டர் பேசக் கூடாது. ஜிபிஎஸ் வரிசைக்கு ஒரே நேர்கோடு போடாமல், 2004 சுமத்ரா நிலநடுக்கம் போன்ற தேதிகளில் வெட்டிப் பொருத்துங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரே கேஜை வைத்துச் செயற்கைக்கோளின் அளவீடு மெல்ல நழுவுகிறது என்று சொல்ல முடியாது. பல பத்து கேஜ்கள் ஒரே திசையில் விலக வேண்டும். 1999 தொடக்கம்வரை ஓடிய, ஜேசனுக்கு முந்தைய டோபெக்ஸ் செயற்கைக்கோளின் முதல் ரேடார் மெல்ல நழுவியதை அப்படித்தான் பிடித்தார்கள்.