கரண்டு வைக்கும் அறை

2 செப்டம்பர் 2024, திங்கள்

இம்மாத இறுதியில் ஓய்வு பெறுகிறேன். அலமாரியைக் காலி செய்தபோது, மின்சாரத்தால் உடலுக்குள் வெப்பமூட்டும் பழைய டயதர்மி கருவியின் வெடித்துப்போன ரப்பர் பட்டைகள் கிடைத்தன. எங்கள் பிரிவுக்கு இயன்முறை மருத்துவம் என்று பெயர்ப்பலகை உண்டு; ஆனால் முப்பத்திரண்டு ஆண்டுகளாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது 'கரண்டு வைக்கும் ரூம் எங்கே?' என்றுதான். வெப்பம் சற்று நேரம் இதம் தரும். தசைக்கு வலுவைத் தராது. அது தெரிந்தும், கரண்டு வைக்காத நாளில் 'இன்றைக்கு வைத்தியமே பார்க்கவில்லையே' என்று அவர்கள் முகம் வாடுவதற்குப் பயந்து, தேவையில்லாதவர்களுக்கும் பல ஆண்டுகள் அதை வைத்து அனுப்பியிருக்கிறேன்.

5 செப்டம்பர், வியாழன்

சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மையார், கையைப் பின்னால் கொண்டுபோய் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை என்று வந்தார். தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகும் இந்நோய் சர்க்கரை உள்ளவர்களிடம் அதிகம். பணியில் சேர்ந்த புதிதில் இதே நிலையில் வந்த ஒருவரின் கையை, அவர் கண்ணீர் விடும் வரை நான் மேலே தள்ளினேன். அன்று பத்துப் பாகை கூடியதைப் பெருமையோடு பதிவேட்டில் குறித்தேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு அவர் வரவில்லை. வலி மிகுந்த கட்டத்தில் வலி பொறுக்கும் எல்லைக்குள் மெல்ல அசைத்தவர்கள், கடுமையாக இழுத்துப் பயிற்சி பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்று 2004இல் நெதர்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வந்தபோது, அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. இன்று வந்தவருக்குக் கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டும் பயிற்சியை மட்டும் கற்றுக்கொடுத்தேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

உலக பிசியோதெரபி தினம். வாழ்த்துச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. எனக்கு நினைவுக்கு வந்ததோ, எங்கள் தொழிலின் தலையில் குட்டிய ஓர் ஆய்வு. 1995இல் பின்லாந்தில், திடீர் இடுப்பு வலி வந்தவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினரை இரண்டு நாள் படுக்கவைத்து, இன்னொரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சி தந்து, மற்றவர்களை வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். விரைவில் தேறியவர்கள் கடைசிப் பிரிவினர். படுக்கை தோற்றதில் வியப்பில்லை. அந்த முதல் நாட்களில் பயிற்சியும் தோற்றதை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

12 செப்டம்பர், வியாழன்

பக்கவாதம் வந்த பெரியவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். மகன் பாசத்தோடு அப்பாவின் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பிக்கொண்டிருந்தார். தசை தளர்ந்த தோளில் மூட்டைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாததால், அப்படி இழுக்க இழுக்க அது கீழிறங்கி, பின்னர் தீராத வலியாகிவிடும். அரை மணி நேரம் பெரியவரைத் தொடவே இல்லை. மகனுக்கு மட்டும், தந்தையின் உடலை முன்னே சாயச் செய்து, இடுப்பைப் பிடித்து எழுப்பும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். கட்டணம் வாங்கக் கூச்சமாக இருந்தது, ஆனால் வாங்கினேன்.

19 செப்டம்பர், வியாழன்

முழங்கால் மூட்டு மாற்றி எட்டு வாரமான பாட்டிக்குக் கோணமானியில் 105 பாகை மடங்கியது. நான் பாராட்டினேன், அவர் மகிழவில்லை. "தம்பி, டவுன் பஸ்ஸில் ஏற முடியுமா, அதைச் சொல்லு" என்றார். முன்பெல்லாம் எட்டுப் பயிற்சிகள் அச்சிட்ட தாளை நீட்டுவேன். அது பெரும்பாலும் காலண்டருக்குப் பின்னால் செருகப்பட்டுவிடும். இப்போது இரண்டே தருகிறேன்: உலை கொதிக்கும்வரை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்பது பாட்டிக்கு மனப்பாடம். ஆனால் எங்கள் பயிற்சிப் படியைவிடப் பேருந்துப் படி மிக உயரம். வாட்ச்மேனிடம் சொல்லி இரண்டு செங்கல் வரவழைத்துப் படிக்கு அடியில் வைத்தேன். பாட்டி அதைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு செங்கல் வேண்டும் என்றார்.