மழை தின்ற அரை மாத்திரை

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் ஜூன் பாதி ஆனால் இப்படித்தான், இனி செப்டம்பர் வரை குடை காயாது. என் ஐந்தாம் வகுப்பு நடப்பது தகர ஷீட் போட்ட அறையில். 22 பிள்ளைகள்.

இன்று சொல்வதெழுதுதல் வைத்தேன். பத்துச் சொற்கள். முதல் இரண்டு வரிசையில் எல்லோரும் எட்டுக்கு மேல் வாங்கிவிட்டார்கள். கடைசி வரிசை நோட்டுகளைத் திருத்தும்போது பேனாவை மூடி வைத்துவிட்டேன். 'தட்டு' என்றதைப் 'பட்டு' என்று எழுதியிருக்கிறார்கள். 'கடல்' 'படல்' ஆகியிருக்கிறது, 'சட்டி' 'தட்டி' ஆகியிருக்கிறது. எழுதத் தெரியாத பிழை என்றால் ல, ள, ழ குழம்பும். ர, ற குழம்பும். இது அப்படி இல்லை. உயிரொலி எல்லாம் சரியாக இருக்க, மெய் மட்டும் மாறியிருக்கிறது.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று நானேதான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அரை மாத்திரையைத்தான் மழை தின்கிறது. ஆ, ஓ போன்ற நெடில்கள் நின்று ஒலித்துத் தகரச் சத்தத்தைத் தாண்டிப் போய்விடும். க, த, ப எல்லாம் நாக்கோ உதடோ ஒரு கணம் அடைத்துத் திறக்கிற சின்ன வெடிப்பு. 'தட்டு' வேறு, 'பட்டு' வேறு என்று காட்டுவது அந்த வெடிப்புதான்.

போன வருடம் இதே பிள்ளைகளில் நாலு பேரின் மதிப்பெண் அட்டையில் 'கவனம் போதாது' என்று எழுதினேன். அது மனதை அறுக்கிறது.

ஜூன் 18, புதன்

ஃபோனில் சத்தத்தை டெசிபல் கணக்கில் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டேன். துல்லியமாக இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். மழை விட்ட நேரத்தில் காலி அறையில் 42. சாரலுக்கு 55. அடித்துப் பெய்யும்போது 72.

அமெரிக்காவில் 2002-ல் வகுப்பறைக்கென்றே ஓர் ஒலித் தரம் வகுத்தார்கள். ஆளில்லாத அறையில் 35 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்கிறது அது. ஆசிரியர் குரல் பிள்ளையின் காதுக்குப் போய்ச் சேரும்போது சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது செவித்திறன் வல்லுநர்கள் சொல்லும் கணக்கு. சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் 60, 65 இருக்கும். தூரம் இரு மடங்கானால் 6 டெசிபல் குறையும். கடைசி பெஞ்சு ஆறு மீட்டர் தள்ளி இருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கொஞ்சம் ஈடுகட்டினாலும், சாரல் அன்றைக்கே என் குரல் அங்கே மழைக்குக் கீழே அமுங்கிவிடும்.

பெரியவர்கள் பாதி காதில் விழுந்தாலும் மீதியை ஊகித்து நிரப்பிக்கொள்வோம். பத்து வயதுப் பிள்ளையிடம் அவ்வளவு சொல் கையிருப்பு கிடையாது. அதிலும் என் வகுப்பில் ஐந்து பேர் வீட்டில் பணியர் என்ற பழங்குடியினரின் மொழி பேசுகிறவர்கள், இரண்டு பேருக்கு வீட்டில் மலையாளம். பள்ளித் தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழி. மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும், அவர்களில் மூன்று பேர் உட்காருவது கடைசி வரிசையில்.

வரிசையை மாற்றிப் போடலாம், போடுகிறேன். ஆனால் யாராவது ஒருவர் கடைசியில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்?

ஜூன் 21, சனி

கூடலூர் போனேன். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கரைக் கடையில் காட்டினார்கள். விலை குறைவு, தொண்டைக்கும் நல்லது. ஆனால் ஒலி புறப்படுவது என் இடுப்பிலிருந்துதான். முன் பெஞ்சுக்குக் காது வலிக்கும், பின் பெஞ்சுக்குப் பழைய கதையே. எனக்கு வேண்டியது கூடுதல் சத்தம் இல்லை, எல்லா பெஞ்சுக்கும் ஒரே அளவு சத்தம்.

அதனால் காதில் மாட்டும் கார்ட்லெஸ் மைக் ஒன்று, சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்று, நாலு சிறிய பாக்ஸ் ஸ்பீக்கர். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள் பாதி போட்டார்கள், மீதி நான். தேயிலை பறிக்கிற கைகள் கொடுத்த காசு. வீணாகிவிடக் கூடாது என்று வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மாட்டிப் பார்த்தேன். கரும்பலகைக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்களை வைத்து, நடுவில் நின்று "வணக்கம்" என்றேன். கூ என்று ஒரு ஊளை. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வால்யூமைக் குறைத்தால் ஊளை நிற்கிறது, ஆனால் பின்னால் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் எங்கள் ஊர் மைக்செட் அண்ணனைக் கூப்பிட்டேன். கோயில் திருவிழா, கல்யாணம், சர்ச் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். அறையை ஒருமுறை சுற்றி நடந்துவிட்டு, "டீச்சர், உங்களுக்கு சவுண்டு வேணுமா, வார்த்தை வேணுமா?" என்று கேட்டார்.

"வார்த்தைதாண்ணே."

"அப்போ மொதல்ல ஸ்பீக்கரை உங்க முதுகுப் பக்கத்துல இருந்து எடுக்கணும்."

ஸ்பீக்கர் ஒலி மைக்கில் புகுந்து, பெருகி, திரும்பவும் ஸ்பீக்கர் வழியாக வருகிறது. அந்தச் சுற்றுதான் ஊளை. நாலு பாக்ஸையும் பக்கச் சுவர்களில், அறையின் நடுவுக்கும் கடைசிக்குமாகப் பிரித்து, பிள்ளைகளின் தலைக்குச் சற்று மேலே, பின்வரிசையைப் பார்த்தபடி சாய்த்து மாட்டினார். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வைக்கச் சொன்னார், 'ப' சொல்லும்போது மூச்சு அடிக்காமல் இருக்க. தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பாஸைக் குறைத்தார், உயர்ந்த ஒலியைக் கூட்டும் ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றினார். தாழ்ந்த ஒலி கூடினால் குரல் கம்பீரமாக இருக்கும், ஆனால் மெய்யெழுத்தை மூடிவிடும். எக்கோ திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மேலே ஒரு டேப்பே ஒட்டிவிட்டார். மேடையில் எக்கோ இல்லாவிட்டால் பேசுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்களாம்.

காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் பேத்தி ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள்.

ஜூன் 28, சனி

மைக் வந்த பிறகுதான் அறையின் குணம் தெரிகிறது. காலியாக இருக்கும்போது கை தட்டினால் சுவர்கள் பதில் சொல்கின்றன. முன் சொன்ன எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் விழுகிறது. மைக் அந்த வாலையும் சேர்த்தே பெரிதாக்கும்.

1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரைச் சரி செய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பி, ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட, எதிரொலி குறைந்தது. கட்டட ஒலியியல் என்ற துறையே அப்படித்தான் எழுந்து நின்றது.

நமக்கு மெத்தைக்கு எங்கே போவது? ஆனால் மலையில் கம்பளி இல்லாத வீடு இல்லையே. வீட்டுக்கு ஒரு பழைய கம்பளி கேட்டேன், ஒன்பது வந்தது. பின்சுவரில் கயிறு கட்டி, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். இப்போது கை தட்டினால் 'டப்' என்று அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரே கவலை பூஞ்சை. இந்த ஈரத்தில் வாரம் ஒருமுறையாவது இறக்கிக் காயப்போட வேண்டும், வெயில் வருகிற அன்றைக்கு.

ஜூலை 3, வியாழன்

சாரல். ஆப்பில் 54. அதே அளவு கடினமான வேறு பத்துச் சொற்கள். மைக்கோடு, கத்தாமல், வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னேன். கடைசி வரிசையில் ஐந்து பேருக்கு எட்டுக்கு மேல்.

ஜன்னலோரச் சிறுமிக்கு மட்டும் நாலு. அவள் நோட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டே போய்ப் பேசியபோதுதான் கவனித்தேன், வலது பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறாள். இடது காதில் பஞ்சு. சீழ் வடிகிறதாம், "எப்பவும் வரும் டீச்சர்" என்றாள். பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு அடுத்த வாரம் வருகிறது. அதற்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி அவள் அம்மாவிடம் பேசினேன். சீழ் வடியும் காதுக்கு மைக் மருந்து ஆகாது.

இன்னொன்று. ஆறாம் வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது பிளைவுட் தடுப்பு. என் பாடம் அங்கேயும் நடக்கிறதாம். தடுப்புப் பக்கத்து பாக்ஸ் இரண்டையும் இன்னும் உள்பக்கமாகத் திருப்பி, வால்யூமை ஒரு புள்ளி குறைத்தேன். அந்த டீச்சர் பொறுத்துக்கொண்டார், நன்றி சொல்ல வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

பேய் மழை, ஆப்பில் 74. இதைத் தாண்டி 15 டெசிபல் ஏற்றினால் 89. நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் பிள்ளைகளை உட்கார வைப்பது அவர்கள் காதுக்கே கேடு. மைக்கை அணைத்துவிட்டேன். கரும்பலகையில் எழுதி, படம் வரைந்து, சைகையில் ஓட்டினோம். கூரைக்கு அடியில் சீலிங் அடிக்காமல் இதற்குத் தீர்வு கிடையாது. மேலாண்மைக் குழுவுக்கு மனு எழுதினேன், டெசிபல் கணக்கோடு.

மதியம் கரண்டும் போனது. ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் 12 வோல்ட் பேட்டரி மாட்ட இடம் இருக்கிறது. அண்ணனிடம் பழைய பேட்டரி ஒன்று இருக்கிறதாம்.

ஜூலை 16, புதன்

மூன்று வாரமாகத் தொண்டை கட்டவில்லை. அதைவிட வேறொன்றைச் சொல்ல வேண்டும். சத்தத்துக்கு மேல் கத்திப் பேசும்போது என் முகமும் குரலும் திட்டுகிற மாதிரி ஆகிவிடும். "இங்கே பாரு கண்ணு" என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மெதுவாகச் சொன்னாலே போய்ச் சேர்கிறது. ஒரு பையன், "டீச்சர் இப்பல்லாம் கோவப்படறதே இல்ல" என்று வீட்டில் சொன்னானாம்.

இன்று கையில் பிடிக்கும் மைக் ஒன்றையும் இரவல் வாங்கி வந்தேன். டீச்சர் குரல் மட்டும் கேட்டால் போதாதே. ஒரு பிள்ளை சொல்லும் பதில் மற்ற 21 பேருக்கும் கேட்டால்தான் அது பாடம். மைக் பெஞ்சு பெஞ்சாகப் போனது. பணியர் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு சிறுமி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே வாய்க்குள்ளேயே பேசுகிறவள், எழுந்து நின்று பத்தியைப் படித்தாள். வழக்கம்போல் மெல்லத்தான் படித்தாள். நாலு மூலையிலும் கேட்டது. 'ழ'கரம் அவ்வளவு சுத்தம். முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை, அடுத்த பத்தியையும் படித்தாள்.

ஜூலை 21, திங்கள்

ஜன்னலோரச் சிறுமிக்குச் செவிப்பறையில் ஓட்டையாம், சொட்டு மருந்து கொடுத்து ஊட்டி அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை நானும் கூடப் போகிறேன். அதுவரை வலது காது என் பக்கம் வருகிற மாதிரி இடம் மாற்றி உட்கார வைத்திருக்கிறேன்.

பேட்டரி வந்துவிட்டது. கம்பளிகள் ஈரம். நாளை வெயில் வந்தால் முதல் வேலை அதுதான்.