நீல வீட்டு ஓட்டு

எதிர்வீட்டுப் பெரியவர் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நீங்கள் இருப்பது நீல வீடு, தெரியுமா?" என்று கேட்டார். எங்கள் வீடு சாம்பல் நிறக் கல் வீடு. கதவு பச்சை. நீலம் என்று சொல்ல ஜன்னல் திரைகூடக் கிடையாது.

"எங்கள் பாட்டி சொல்வாள். ப்ரூம் காலத்திலிருந்தே அது நீல வீடு, எங்களுடையது மஞ்சள் வீடு." அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

வாடகைக்கு வந்த வெளியூர்க்காரி நான். ப்ரூம் என்றால் துடைப்பம் என்றுதான் எனக்குத் தெரியும். இது நடந்தது இங்கிலாந்தின் வடமேற்கில், வெஸ்ட்மோர்லாந்து என்ற பழைய கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), கெண்டலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். அந்த இலையுதிர்காலத்தில் ஊர் மண்டபத்தில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவது என்று ஏற்பாடு. நானும் பெயர் கொடுத்திருந்தேன். சரி, இந்த நீலத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று இறங்கினேன். பத்து நிமிஷப் பேச்சுக்கு நாலு மாதம் ஆனது.

ப்ரூம் ஒரு மனிதர் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஹென்றி ப்ரூம், வழக்கறிஞர், அப்போதைய இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி. பெயரின் எழுத்துக்கூட்டல் வேறு மாதிரி இருந்தாலும் உச்சரிப்பு துடைப்பம்தான். அந்தக் காலக் கேலிச்சித்திரக்காரர்களும் சும்மா விடவில்லை, அவரைத் துடைப்பமாகவே வரைந்து தள்ளியிருக்கிறார்கள். 1818, 1820, 1826 என்று மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு வெஸ்ட்மோர்லாந்தில் நின்று மூன்று முறையும் தோற்றார். எதிரே நின்றது லௌதர் குடும்பம். குடும்பத் தலைவரான லான்ஸ்டேல் பிரபுவின் இரண்டு பிள்ளைகள், கவுண்டிக்கு இருந்த இரண்டு இடங்களுக்கும். அதற்கு முன் நாற்பது வருஷத்துக்கும் மேலாக அங்கே போட்டியே நடக்கவில்லை. பெரிய வீட்டில் முடிவு செய்வார்கள், ஊர் தலையாட்டும்.

அப்போது ரகசிய ஓட்டு கிடையாது, அது 1872-இல்தான் வந்தது. அதுவரை மேடையேறி, பெயர் சொல்லி, யாருக்கு என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். குமாஸ்தா எழுதிக்கொள்வார். தேர்தல் முடிந்ததும் அந்தப் பட்டியலை அச்சடித்து விற்பார்கள். ஓட்டுப் புத்தகம். காசு கொடுத்தால், பக்கத்து வீட்டுக்காரன் யாருக்குப் போட்டான் என்று அடுப்படியில் உட்கார்ந்து விரல் வைத்துப் படிக்கலாம். நிலம் குத்தகைக்கு விட்டவரும் படிக்கலாம். அப்படியென்றால் எங்கள் வீட்டில் இருந்தவரும் அதில் இருக்க வேண்டும்.

பெயர் கிடைப்பது கஷ்டமாக இல்லை. எங்கள் வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டிய செதுக்கு வேலைப்பாட்டு ஓக் அலமாரி ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளில் அதில்தான் ஓட்ஸ் ரொட்டியை அடுக்கி வைப்பார்களாம். நடுவில் மூன்று எழுத்து: மேலே குடும்பப் பெயரின் முதல் எழுத்து, கீழே கணவன், மனைவி பெயர்களின் முதலெழுத்துகள். அதைத் தேவாலயப் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்ததில், அதே குடும்பம் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்தது தெரிந்தது. பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அந்த வம்சத்தினர் இன்னும் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள்.

அப்புறம் ஆவணக் காப்பகம். முதல் தடவை, மூடியிருக்கும் கிழமை எது என்று பார்க்காமல் போய் மழையில் நனைந்து திரும்பினேன், தப்பு என்னுடையதுதான். இரண்டாம் தடவை அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டி அட்டை வாங்கினேன். பை, கோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் லாக்கருக்குள். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஓட்டுப் புத்தகத்தை மேசையில் விரித்துப் போட முடியாது. ஸ்பாஞ்சு ஆப்புகளின் மேல் சாய்த்துவைத்து, பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க, துணிக்குள் எடை தைத்த ஒரு பாம்பை மேலே போட வேண்டும். முன்பு யாரோ பென்சிலால் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளி வைத்திருந்தார்கள், சில பெயர்களுக்கு மட்டும். எதற்கு என்று நினைக்கும்போதே வயிற்றில் என்னவோ செய்தது.

இங்கேதான் முதல் சறுக்கல். இன்றைய இங்கிலாந்தில் நீலம் என்றால் கன்சர்வேடிவ் கட்சி. லௌதர்கள் அதன் முன்னோடியான டோரிக் கட்சி. ஆகவே நீல வீடு என்றால் லௌதர் பக்கம் என்று நானே முடிவு செய்துகொண்டு, இரண்டு வாரம் பட்டியலைத் தலைகீழாகக் குறித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தேர்தல் துண்டறிக்கைகள் வைத்த பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். நாலாக மடித்து மடித்து மடிப்பில் நைந்துபோன தாள்கள். ஒன்றில் எதிராளியைக் கேலி செய்யும் பாட்டு, நீலத்தை வாழ்த்தி. பாட்டு முழுக்க ப்ரூம், ப்ரூம். தலையில் அடித்துக்கொண்டேன். வெஸ்ட்மோர்லாந்தில் லௌதர் மஞ்சள், ப்ரூம் நீலம். கட்சிக்கு நாடு முழுக்க ஒரே நிறம் என்பதெல்லாம் பின்னால் வந்தது. அப்போது கவுண்டிக்கு ஒரு நிறம், பல இடங்களில் அது பெரிய குடும்பத்தின் நிறம்.

அந்தப் பெட்டிக்குப் பிறகு நான் என் வீட்டை மறந்து சண்டையைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். 1818 பிப்ரவரியில் லௌதர் ஊர்வலம் கெண்டலுக்குள் நுழைந்தபோது சேறும் கல்லும் பறந்திருக்கின்றன. கெண்டலில் இருந்த பத்திரிகை ப்ரூம் பக்கம் சாய்ந்தது. லௌதர்கள் அதை வளைத்துப்போடப் பார்த்தார்கள், முடியவில்லை. அதே வருஷம் சொந்தமாக ஒன்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வெஸ்ட்மோர்லாந்து கெசட் இன்றும் வாரம் தவறாமல் வருகிறது. நானே அதில்தான் பழைய சைக்கிள் விளம்பரம் பார்ப்பேன்.

கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் கதைதான் என்னை உட்காரவைத்தது. அவருடைய அப்பா, முந்தைய லௌதர் பிரபுவுக்குச் சட்ட வேலை பார்த்தவர். அந்தப் பிரபு கடைசிவரை காசைக் கொடுக்கவில்லை. அடுத்து வந்தவர் வட்டியோடு அடைத்தார். 1813-இல் கவிஞருக்கு அரசின் முத்திரைத்தாள் விநியோக வேலையும் வாங்கிக் கொடுத்தார். 1818-இல் கவிஞர் மஞ்சள் கட்சிக்காக ஓடி ஓடி உழைத்தார். அரசு உத்தியோகம் பார்ப்பவர் பிரசாரம் செய்யக் கூடாது என்பதால் பெயர் போடாமல் பிரசுரம் எழுதினார். லிட்டில் லாங்டேலில் ஐவி ஹௌ என்ற நிலத்தை வாங்கி, உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் துண்டு போட்டு ஓட்டுகளாக்கவும் பார்த்தார். வருஷத்துக்கு 40 ஷில்லிங் பெறும் சொந்த நிலம் இருந்தால் ஓட்டு. நிலம் பன்னிரண்டு மாதமாவது கையில் இருந்திருக்க வேண்டும். ஆகவே அடுத்த தேர்தலுக்கு இப்போதே விதை போட வேண்டும். இரண்டு பக்கமும் போட்டார்கள். அவருடைய தங்கை டோரதி, கெண்டலில் ப்ரூம் பேசியதைப் பார்த்துவிட்டு, பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சிக்காலத்து ஆட்கள் மாதிரி இருக்கிறார் என்று கடிதம் எழுதியிருக்கிறார். அண்ணன்மேல் இருந்த பாசம் கண்ணை மறைத்திருக்கலாம்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஓட்டுப் புத்தகத்தில் எங்கள் ஊரின் கீழே அந்தக் குடும்பப் பெயரே இல்லை. மூன்று தடவை பார்த்தேன். மேசையிலிருந்த அலுவலர்தான் முடிச்சை அவிழ்த்தார். இந்தப் பகுதியில் பாதிப் பேரின் நிலம் 'வழக்காற்று' நிலம். பரம்பரையாக உழலாம், பிள்ளைக்கு விடலாம், ஆனால் சட்டப்படி பண்ணைப் பிரபுவின்கீழ் வருவது. அதற்கு அப்போது ஓட்டு கிடையாது. "ஊரைப் பார்க்காதீர்கள், 'குடியிருப்பு' என்ற கட்டத்தைப் பாருங்கள்" என்றார். நிலம் ஓர் ஊரில் இருக்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார்.

ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினேன். இரண்டாம் நாள் மத்தியானம் கிடைத்தார். எட்டு மைல் தள்ளி ஒரு துண்டு நிலம், அதன் பேரில் ஓட்டு. ப்ரூமுக்கு ஒன்று. இன்னொன்று காலி. தாள் கிழிந்திருக்கிறதோ என்று தடவிப் பார்த்தேன். இல்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. ஒன்றை மட்டும் போட்டு மற்றதை வேண்டுமென்றே வீணடித்தால் அதற்குத் தனிப் பெயரே உண்டு. ப்ரூம் தனியாளாக நின்றதால் இரண்டாவது ஓட்டை யாருக்குப் போட்டாலும் அது ஒரு லௌதருக்குத்தான் போகும். ஆக, நல்ல நீலம்.

எட்டு மைல் தள்ளி அந்த நிலம் எப்படி வந்தது? கெண்டல் பக்கத்துப் பழைய உயில்கள் பிரஸ்டனில் இருக்கின்றன. லங்காஷயர் காப்பகம், இன்னோர் அட்டை, இன்னொரு லாக்கர். அவருடைய மாமனார் உயிலில் வந்தது பதில்: அந்த நிலத்தை மகளுக்கு எழுதிவைத்திருக்கிறார். மனைவியின் சொத்தை வைத்துக் கணவன் ஓட்டுப் போடலாம். மனைவி போட முடியாது. ஓட்டுச் சாவடி ஆப்பிள்பியில், கவுண்டிக்கே அது ஒன்றுதான். குதிரையில் போய், கட்சிக் கணக்கில் சத்திரத்தில் சாப்பிட்டு, மேடையேறி அவர் சத்தமாகச் சொன்னது அவளுடைய நிலத்தின் பேரில். அலமாரியில் ரொட்டி எடுக்கும்போதெல்லாம் அவள் பெயரின் எழுத்து கண்ணில் படுகிறது. இந்த ஜோடி வேறு, அந்த எழுத்துகள் அவர்களுடைய முன்னோர்களுடையவை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும்.

1820, அதே ஆள், அதே நிலம், ப்ரூமுக்கு ஒற்றை ஓட்டு. 1826 புத்தகத்தை வெறும் கடமைக்குத்தான் கேட்டேன். பெயர் இருந்தது. இரண்டு ஓட்டு. இரண்டும் லௌதர்களுக்கு.

கடைசியாக நிலவரிப் பட்டியல். அந்தக் காலத்தில் கவுண்டி ஓட்டுரிமைக்கு அதுதான் அத்தாட்சி, உரிமையாளர் ஒரு பக்கம், அனுபவிப்பவர் ஒரு பக்கம். கட்டுக்கட்டாக, வருஷத்துக்கு ஒரு தாள், மைனாவின் கால் போல ஒரு குமாஸ்தாவின் கையெழுத்து. 1820 வரை எங்கள் ஆள் ஒரே ஓர் இடத்தில் வருகிறார். அதற்குப் பிந்திய ஒரு வருஷத் தாளில் இரண்டாவது வரி முளைக்கிறது: மேய்ச்சல் நிலம், அனுபவிப்பவர் அவர், உரிமையாளர் லான்ஸ்டேல் பிரபு.

அவ்வளவுதான். மிரட்டினார்களா, அவரே போய்க் கேட்டாரா, ஆடு பெருகிவிட்டதா, தாளில் எதுவும் இல்லை.

எதிர்வீட்டுப் பெரியவரிடம் நகல்களைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, 1826 பக்கத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படித்தார்.

"அப்போ எட்டு வருஷம்தான் நீல வீடா?"

"ஆமாம் போலிருக்கிறது."

"எங்கள் வீடு?"

"உங்கள் வீடு மூன்று தடவையும் மஞ்சள்."

தாளை மடித்து என் கையில் திரும்பக் கொடுத்தார். "மண்டபத்தில் பேசும்போது அந்த இருபத்தாறை மட்டும் விட்டுவிடு. நாங்கள் திட்டுவதற்கு ஊரில் யாராவது இருக்க வேண்டாமா?"