சீரியல் போர்ட்டிலிருந்து எம்க்யூடிடிக்கு ஒரு சிறு டீமன்

மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தை மீயொலி உணரியால் அளந்து, ஐந்து விநாடிக்கு ஒரு வரியாக அனுப்பும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையை யுஎஸ்பி வழியே ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் இணைத்தேன். அந்த வரிகளை எம்க்யூடிடி (கருவிகள் சிறு செய்திகளைப் பரிமாறும் நெறிமுறை) செய்திகளாக வீட்டு நெட்வொர்க்கில் வெளியிடும் டீமன் ஒன்றை, அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரலை, பைத்தானில் எழுதினேன். நிரல் ஒரே மாலையில் முடிந்தது. அதைக் கவனிப்பார் இல்லாமல் ஓடவைக்க மூன்று வாரம் பிடித்தது.

வரிகள் வந்துசேரும் சீரியல் போர்ட்டை டீமன் திறக்கும்போதெல்லாம் ஊனோ ரீசெட் ஆனது. டிடிஆர் என்ற சீரியல் சமிக்ஞை இணைப்பு வழியே புதிய நிரலை ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்ட ஏற்பாடு அது என்பதால், திறந்தபின் இரண்டு விநாடி காத்திருந்து, அதுவரை சேர்ந்ததைத் தள்ளிவிடுவதே போதுமானதாக இருந்தது.

அடுத்த பிழை என்னுடையது. 9600 பாட் என்ற சீரியல் வேகத்தில் விநாடிக்கு அதிகபட்சம் 960 பைட்டுகளே வரும்; நான் வாசிக்கும் கணத்தில் வந்திருப்பது முழு வரியாக இருக்க வேண்டியதில்லை. ஒருநாள் 112 சென்டிமீட்டர் என்பதன் முதல் இலக்கம் தனியாகப் பிரிந்து, 12 என்று வெளியாகிவிட்டது. அம்மா மோட்டாரைப் போட, தொட்டி வழிந்தது. வரிமுடிவுக் குறி வரும்வரை சேர்த்துவைத்து, அதன் பிறகே வெளியிடுமாறு திருத்தினேன்.

கேபிள் கழன்றால் டீமன் பிழையுடன் நின்றுவிடும். அதை மீண்டும் எழுப்பும் வேலையை, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடம் விட்டேன். ஆனால் அதன் இயல்பான இடைவெளி 100 மில்லிவிநாடிதான் என்பதையும், 10 விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் எழுப்ப நேர்ந்தால் அது கைவிட்டுவிடும் என்பதையும் கவனிக்கவில்லை. இடைவெளியை ஐந்து விநாடியாக்கியதும் அது சரியானது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது கடைசிச் சிக்கல்தான். புதிதாக இணையும் கைபேசிக்கு உடனே அளவு தெரியட்டும் என்று செய்திகளை 'ரீட்டெயின்' குறியுடன், அதாவது கடைசிச் செய்தியைப் புரோக்கர் (செய்திகளை வாங்கி விநியோகிக்கும் சர்வர்) வைத்துக்கொள்ளும்படி, அனுப்பியிருந்தேன். அதனால், டீமன் செத்த பிறகும் புரோக்கர் பழைய அளவையே புதியதுபோல் கொடுத்தது. எம்க்யூடிடியின் 'லாஸ்ட் வில்' வசதியைச் சேர்த்தபின், டீமன் விழுந்தால் 'தொடர்பில்லை' என்ற செய்தியைப் புரோக்கரே வெளியிட்டது. ராஸ்பெர்ரி பை மின்சாரம் இழந்தால் மட்டும், 60 விநாடிக் கீப்அலைவின் (டீமன் தான் இருப்பதைப் புரோக்கருக்குத் தெரிவிக்க வேண்டிய இடைவெளி) ஒன்றரை மடங்கு, அதாவது 90 விநாடி, தாமதமாகும். அதுவும் போதவில்லை. உணரியின் கம்பியை அணில் கடித்த அன்று, எதிரொலி வராவிட்டால் வரியே அனுப்பாதபடி ஆர்டுயினோவில் நான் எழுதியிருந்ததால், டீமன் உயிரோடு இருந்தும் சொல்வதற்கு அதனிடம் எதுவும் இல்லை. புரோக்கரின் கண்ணுக்கு எல்லாம் நலமாகவே தெரிந்தது. இப்போது 30 விநாடி வரி வராவிட்டால் டீமனே 'உணரி மௌனம்' என்று அறிவிக்கிறது. ஒவ்வோர் அளவோடும் அது எடுக்கப்பட்ட நேரமும் செல்கிறது.