அரை மாத்திரையும் கால் கிலோவும்: தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிய தாயின் மகள் நான். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் அறிவியல் பாடங்களோடு வரலாறு, தமிழ், தமிழ் இலக்கியம் ஆகியவற்றையும் எழுதினேன். பிறகு ஆறாம் படிவத்தில் இயற்பியலும் வேதியியலும் எடுத்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்தேன். இப்போது அதே ஊரில் மாலை வேளைகளில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களுடைய திருத்தப்பட்ட தாள்களைப் புரட்டும்போது, பாடம் தெரியாமல் போன புள்ளிகளைக் காட்டிலும், ஓர் அளவை அதற்குரிய எல்லையோடு எழுதத் தெரியாமல் போன புள்ளிகளே மிகுதியாக இருப்பதைக் காண்கிறேன். நானும் அப்படி இழந்தவள்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆறாம் படிவத்தின் முதல் பருவத்தில், தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் ஆய்வைச் செய்தோம். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு நீளத்துக்கும் 20 அலைவுகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறித்தேன். வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் கோட்டை விட்டு விலகி நின்றன, கணக்கிட்டபோது 9.7 வந்தது. பாடநூலில் 9.81 என்று இருந்ததால் என் அளவு தவறு என்று முடிவு செய்து, அந்த இரண்டு நேரங்களையும் அழித்துவிட்டு, புள்ளிகள் கோட்டின் மேல் வந்து உட்காரும்படி வேறு எண்களை எழுதி, விடை 9.81 என்று முடித்துக் கொடுத்தேன்.

ஆசிரியர் என்னைத் தனியே அழைத்து, "ஏன்மா, இதை லண்டனில் போய் அளந்தாயா?" என்று கேட்டார். பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் அதன் நடுப்பகுதி சற்றுப் புடைத்திருப்பதாலும் இந்த முடுக்கம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது, நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. நாம் நடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறோம். ஆகவே இங்கு உண்மையான மதிப்பு 9.78, பாடநூலில் உள்ள 9.81 ஐரோப்பிய நகரங்களுக்குப் பொருந்துவது. இதைச் சொல்லிவிட்டு அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு கணக்கைச் செய்து வரச் சொன்னார். அந்தக் கணக்குதான் எனக்குக் கிடைத்த பெரிய பாடம்.

நூலின் நீளம் 80.0 சென்டிமீட்டர் என்றால் 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 35.9 வினாடி ஆகும். கடிகாரத்தை அழுத்தும் நம் விரல் 0.2 வினாடி முந்தலாம், பிந்தலாம். ஒரே ஓர் அலைவை அளந்திருந்தால், 1.8 வினாடியில் 0.2 வினாடி என்பது 11 விழுக்காட்டுப் பிழை. இருபதைச் சேர்த்து அளந்ததால் அது 0.56 விழுக்காடாகச் சுருங்குகிறது. ஆனால் சூத்திரத்தில் அலைவு நேரம் வர்க்கமாக வருவதால் பிழை இரட்டிப்பாகி 1.1 விழுக்காடு ஆகிறது. நீளத்தை 1 மில்லிமீட்டர் தவறாகப் படித்திருந்தாலும் அதனால் வரும் பிழை 0.125 விழுக்காடு மட்டுமே. இரண்டையும் கூட்டினால் விடையில் ஏறத்தாழ 0.12 கூடலாம் அல்லது குறையலாம். அதாவது 9.78, 9.81 ஆகிய இரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் அந்த நூலுக்கும் கடிகாரத்துக்கும் இல்லை. நான் அழித்த 9.7 அந்த எல்லைக்குள்ளேயேதான் இருந்தது. நான் எழுதிய 9.81இல் கடைசி இலக்கமான 1, நான் அளக்காத ஒன்றை அளந்ததாகச் சொன்ன பொய்.

நான்காம் படிவத்தில் 'கெஜித்துவான்', 'கெப்பர்சிசான்', 'கெப்பெக்காஆன்' என்று மூன்று மலாய்ச் சொற்களை மனப்பாடம் செய்திருந்தேன். உண்மையான மதிப்புக்கு அருகில் இருப்பது முதலாவது; மீண்டும் மீண்டும் அளந்தாலும் அளவுகள் ஒன்றுக்கொன்று அருகில் விழுவது இரண்டாவது; சிறு மாற்றத்தையும் கருவி காட்டுவது மூன்றாவது. வரையறையாக எழுதினால் புள்ளி கிடைத்தது. ஆனால் இவை வேறு வேறு என்பதை நான் உணர்ந்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல. அதற்கும் முன்னரே, தோட்டத்துப் பால் ஸ்டோரில் உணர்ந்திருக்க வேண்டும்.

அங்கே பால் வாளியைத் தொங்கவிட்டு நிறுக்கும் முள் தராசு ஒன்று இருந்தது. வாளி மாட்டுவதற்கு முன்பே அதன் முள் பூச்சியத்துக்குக் கால் கிலோ கீழே நின்றது. பத்து முறை நிறுத்தாலும் பத்து முறையும் ஒரே எடையைத்தான் காட்டும். பத்து முறையும் கால் கிலோ குறைத்துக் காட்டும். இதுவே பாடநூல் சொல்லும் சுழிப் பிழை. மீண்டும் மீண்டும் அளந்து சராசரி எடுப்பதால் இந்தப் பிழை குறையவே குறையாது. அளக்கத் தொடங்கும் முன் கருவியின் சுழி நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு கூட்டவோ கழிக்கவோ வேண்டும். வெர்னியர் அளவியை மூடிச் சுழி நிலையைப் பார்க்காமலேயே குண்டின் விட்டத்தை அளக்கப் போகும் மாணவரைக் கண்டால் எனக்கு அந்த முள்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் அம்மா அந்தக் கால் கிலோவைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணி, பாலின் அடர்த்தியைக் காட்டும் மிதவையான மெட்ரோலாக்கைப் பாலில் விடும்போதுதான் அருகில் போய் நின்று பார்ப்பார். பாலில் தண்ணீரே மிகுதி. ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கூலி அந்த உலர் ரப்பருக்குத்தான். ரப்பர் கூடக் கூடப் பாலின் அடர்த்தி குறைவதால் மிதவை ஆழமாக இறங்கும். நுரையோ, தவறான அளவில் கலந்த தண்ணீரோ இருந்தால் படிக்கும் எண் மாறிவிடும். 25 கிலோ பாலில் கால் கிலோ பிழை என்பது ஒரு விழுக்காடு. 32 விழுக்காடு ரப்பர் உள்ள பாலை 30 என்று படித்துவிட்டால் அது ஆறு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட இழப்பு; 8 கிலோ உலர் ரப்பர் ஏழரைக் கிலோவாகிவிடும். சூத்திரம் எதுவும் படிக்காத அம்மா, பெரிய பிழை எந்த அளவில் ஒளிந்திருக்கிறதோ அங்கேதான் கண்ணை வைத்திருந்தார். செயல்முறைத் தேர்வில் நீங்கள் முதலில் செய்ய வேண்டியதும் இதுவே: அளக்கப் போகும் அளவுகளில் எதன் விழுக்காட்டுப் பிழை மிகப் பெரியது, எது சூத்திரத்தில் வர்க்கமாகவோ கனமாகவோ வருகிறது என்று பார்த்து, உங்கள் நேரத்தையும் பொறுமையையும் அதற்குக் கொடுங்கள். மற்றதை ஒருமுறை ஒழுங்காக அளந்தால் போதும்.

வேதியியலில் தரம்பார்த்தல் செய்யும்போது, கரைசலை அளந்து விடும் பியூரெட் என்னும் கண்ணாடிக் குழாயில் 0.1 கன சென்டிமீட்டர் இடைவெளியில் கோடுகள் இருக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே கண்ணால் பாதியை மதிப்பிட முடியும். ஆகவே ஒவ்வோர் அளவையும் இரண்டு தசம இடங்களில், கடைசி இலக்கம் 0 அல்லது 5 ஆக இருக்குமாறு எழுத வேண்டும். 18.3 என்று எழுதுபவர் சோம்பலால் எழுதியிருக்கலாம். ஆனால் திருத்துபவர் அதை 'இவர் பாதிக் கோட்டைப் பார்க்கவில்லை' என்றே படிப்பார். 18.30 என்று எழுதினால் பார்த்ததாகப் பொருள். அந்தப் பூச்சியம் ஒரு சாட்சி. அதே காரணத்தால் 18.32 என்று எழுதுவதும் தவறு. கணிப்பான் காட்டும் எட்டு இலக்கங்களையும் விடையில் இறக்கிவைப்பதும் இதே வகைத் தவறுதான்.

விலகி நிற்கும் அளவை அழிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவின் நைட்ரஜன். அவர் ஒரே கண்ணாடிக் குடுவையில், காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனையும் வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனையும் நிறுத்தார். முதலாவது ஏறத்தாழ 2.310 கிராம், இரண்டாவது 2.299 கிராம். வேறுபாடு அரை விழுக்காடுதான். அவருடைய நிறுவையின் நுண்மை குறைவாக இருந்திருந்தால் அந்த வேறுபாடு தெரிந்தே இருக்காது. தெரிந்த பின் சராசரி எடுத்து மூடியிருந்தால் எதுவும் வெளிவந்திருக்காது. அவர் அதை விடாமல் துருவியதால், 1894இல் வேதியியலாளர் ராம்சேயுடன் சேர்ந்து, காற்றின் நைட்ரஜனோடு கலந்திருந்த ஆர்கான் என்னும் புதிய தனிமத்தை அறிவித்தார். 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எல்லா விலகலும் ஆர்கான் ஆகிவிடாது. பெரும்பாலானவை நம் கை தடுமாறியதால் வருபவையே. ஆனாலும் அதை அட்டவணையில் விட்டுவைத்து, வட்டமிட்டு, மறுமுறை அளந்து, என்ன நடந்திருக்கும் என்று ஒரு வரி எழுதுவதுதான் முறை.

மொழிப் பாடத்தில் அளவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் யாப்பைச் சரியாகப் படிக்காதவர்கள். கண்ணிமைப் பொழுதையும் கைநொடிப் பொழுதையும் ஒரு மாத்திரையாக வைத்து, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் வரையறுத்திருக்கிறது. திருக்குறளின் முதல் குறள் 'உலகு' என்று முடிகிறது. அந்தக் 'கு'வில் உள்ள உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரை. ஆகவே அச்சீர் 'பிறப்பு' என்னும் வாய்பாட்டில் அடங்குகிறது. அதை முழு உகரமாக எண்ணி நிரை, நேர் என்று பிரித்தால் 'புளிமா' வந்துவிடும். வெண்பாவின் ஈற்றுச் சீராக அது நிற்க முடியாது. என் தோழி ஒருத்தி அந்த அரை மாத்திரையில் முழுக் கேள்வியையும் இழந்தாள்.

வரலாற்றில் எண்ணைவிட, எண் எதைக் குறிக்கிறது என்பதில்தான் பிழை வரும். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 ரப்பர் கன்றுகள். அவற்றுள் நமக்குப் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நடப்பட்டவை 9. கோலகங்சாரில் 22 கன்றுகள் நட்டார்கள் என்று எழுதும் மாணவர், சரியான எண்ணைத் தவறான இடத்தில் வைத்துவிடுகிறார். இந்த விஷயத்தில் நான் வியந்து படித்தது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை. முதலாம் இராசராசன் விமானத்துக்குச் செப்புக் குடம் கொடுத்தது தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் என்று நாள் கணக்கோடு பொறித்திருக்கிறார்கள். பொன்னின் எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை சொல்வதோடு நிற்காமல், 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுத்தது என்றும், நகைகளில் அரக்கு முதலியவை உட்பட நிறுத்தது என்றும் குறித்திருக்கிறார்கள். எந்தக் கருவி, எது உட்பட என்ற இரண்டையும் சொல்லாத எடை முழுமையான எடை அல்ல என்பதை அந்தக் கல்வெட்டை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

அம்மாவிடமும் நீல அட்டை போட்ட ஒரு பழைய பள்ளி நோட்டு இருந்தது. தேதி, பாலின் எடை, கிராணி சொன்ன விழுக்காடு, கணக்கிட்ட உலர் கிலோ என்று நான்கு கட்டங்கள்; ஐந்தாவதாக ஓரத்தில் ஒரு குறுகிய கட்டம். அதில் 'மழை', 'முள் கீழே', 'நுரை எடுக்கவில்லை' என்று இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். ஊசல் ஆய்வை மீண்டும் செய்தபோது என் அட்டவணையிலும் அப்படி ஓர் ஐந்தாவது கட்டத்தை வரைந்தேன். மூன்றாம் நீளத்துக்கு எதிரே, 'மின்விசிறி ஓடியது. நிறுத்திவிட்டு மறுபடி அளந்தேன்' என்று எழுதினேன். ஆசிரியர் அந்த வரியின் பக்கத்தில்தான் சரிக்குறி போட்டிருந்தார்.