வெஞ்சனம் கேட்ட பையன்

மும்பையின் மத்திய ரயில் பாதையில் ஒரு நிலையத்துக்கு அருகே, பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில், தெருவில் வாழும் பிள்ளைகளுக்காகத் தன்னார்வலர்கள் நடத்தும் பகல்நேரப் புகலிடம் ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் சிலர் ஆகியோரோடு சனிக்கிழமைதோறும் நானும் அங்கே போகிறேன். தமிழ் பேச ஆள் வேண்டும் என்று மாதுங்காவில் ஒரு நண்பர் சொன்னதுதான் தொடக்கம். நாகர்கோவிலிலிருந்து மதுரை வழியாக மும்பைக்கு வரும் ரயில் ஏறத்தாழ ஒன்றரை நாள் ஓடுகிறது. வீட்டைவிட்டு ஓடிவரும் பையனுக்கு அந்த ஒன்றரை நாளில் ஊரும் தொலைந்துவிடுகிறது, மொழியும் தொலைந்துவிடுகிறது.

அப்படி வந்த ஒரு பையனைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பெயரையோ ஊரையோ சொல்லப்போவதில்லை. இத்தகைய பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடைசெய்கிறது.

நடைமேடையில் தனியே கிடந்தவனைக் கண்ட ஒருவர் 1098க்கு அழைத்தார். 1996இல் இதே மும்பையில், டாடா சமூக அறிவியல் கழகத்தின் சோதனை முயற்சியாகத் தொடங்கிய, குழந்தைகளுக்கான தொலைபேசி உதவிச் சேவை அது. 2023 முதல் 112 என்ற அவசர எண்ணோடு இணைக்கப்பட்டு அரசின் பொறுப்பில் நடக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, கண்டெடுக்கப்பட்ட பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள். தலைவர் ஒருவரும் உறுப்பினர்கள் நால்வரும் கொண்ட அந்தக் குழு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். இரவில் ஓர் அரசுக் காப்பகத்திலும் பகலில் எங்களிடமும் இருக்கும்படி இடைக்கால ஏற்பாடு ஆயிற்று. சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள், இறுதி ஆணைக்கு நான்கு மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது.

அந்தக் கெடு அவனுக்குத் தெரியாது. முதல் வாரம் ஒரு பெயர் சொன்னான், அடுத்த வாரம் வேறொன்று. ஊர் என்றால் ‘மெட்ராஸ்’ என்றான். அந்தப் பேச்சுக்கும் சென்னைக்கும் சம்பந்தமே இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. புகலிடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறிய தகரப் பெட்டி ஒன்றும் அதற்கொரு பூட்டும் தருவோம், சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். இவன் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு முறை எழுந்துபோய்ப் பெட்டியைத் திறப்பான், உள்ளே பார்ப்பான், பூட்டுவான், பூட்டை இழுத்துப் பார்ப்பான். தெருவில் உறங்கிய பிள்ளைக்கு விழித்தெழும்போது வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்ததே கிடையாது என்று மூத்த ஆசிரியை சொன்னபோதுதான் அந்தப் பூட்டின் மதிப்பு எனக்குப் புரிந்தது.

மூன்றாம் சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சோறும் பருப்பும் வைத்தார்கள். தட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “வெஞ்சனம் ஒண்ணும் இல்லையாண்ணே?” என்றான். தொடுகறியை வெஞ்சனம் என்று சொல்வது தென்மாவட்டத்துப் பேச்சு. விருதுநகர்ப் பக்கத்தைச் சேர்ந்த என் மாமியார் வீட்டில் அன்றாடம் காதில் விழும் சொல். நான் ஊரைக் கேட்கவில்லை. “உங்க வீட்ல என்ன வெஞ்சனம் வைப்பாக?” என்று மட்டும் கேட்டேன். அப்பத்தா சுடும் கருவாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவன், கருவாடு வாங்கும் சந்தை, அது கூடும் கிழமை, சந்தைக்குப் போகும் பேருந்து என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனான். சந்தையின் பெயரைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் நான் போகவில்லை. அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கு முடிக்கும் வேலை. தகவல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. திரும்பிப் போனபோது அவன் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ‘சொலூஷன்’ என்று தெருப் பிள்ளைகள் அழைக்கும் பசையைப் போதைக்காக மறுபடி முகர்ந்துவிட்டு வந்திருந்தான். சட்டைக் கையில் அந்த வாடை இருந்தது. என் வராமைதான் காரணம் என்று யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் இங்கே தன்னார்வலரிடம் அன்பைவிட முதலில் எதிர்பார்க்க வேண்டியது சொன்ன நாளில் வந்து நிற்பதை என்பது என் கருத்து. பிறந்தநாள் கேக்கோடு ஒரு மணி நேரம் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் நல்லவர்களைக் கண்டு உள்ளுக்குள் சலித்துக்கொண்டிருந்த நான், அந்தப் பையன் கணக்கில் அவர்களில் ஒருவனாகிவிட்டிருந்தேன். மீண்டும் பேச வைக்க நாலைந்து வாரம் ஆயிற்று. கெடுவைத்த நான்கு மாதத்தில் அது சிறிய பகுதி அல்ல.

சந்தைப் பெயரை வைத்து அந்த மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அப்பத்தாவைக் கண்டுபிடித்தது. பிள்ளையை உடனே வீட்டில் சேர்த்துவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். வீட்டில் அடித்தது யார், அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்பதை விசாரிக்காமல் அனுப்பினால் அடுத்த ரயிலில் திரும்பி வருவான் என்றார் ஆசிரியை. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளும் நடத்துகிறது, தாராவியில் சேர்க்கலாமே என்றும் யோசித்தோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்பதால் வழி இருந்தது. அவன் அப்பத்தாவின் அருகில் இருக்க விரும்பினான். சொந்த மாவட்டக் குழுவுக்கே மாற்றி ஆணையிட்டார்கள். அங்குள்ள இல்லத்தில் இருக்கிறான், பள்ளிக்குப் போகிறான், அப்பத்தா வந்து பார்த்துப்போகிறாள்.

சாவியைக் கழுத்தில் மாட்டியபடியே ரயில் ஏறிவிட்டான். மருந்துக்கடைக்காரர் பூட்டை அறுத்தார். உள்ளே இரண்டு பிஸ்கட்டும் ஒரு சீப்பும், நான் சந்தைப் பெயரை எழுதிக்கொண்ட பேனாவும் இருந்தன. அது தொலைந்துபோனதாக நினைத்திருந்தேன். வரும் சனிக்கிழமை புதுப் பூட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பெட்டிக்கு வேறொரு பையன் வந்துவிட்டான், பேசுவது போஜ்புரி என்கிறார்கள்.